மைசூரு அடுக்குமாடிச் சங்கங்களுக்கு அரசு நிதியுதவி: எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது? முழு விவரம்

மைசூரு: அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நீர் கசிந்தால், அதைச் சரிசெய்ய அரசிடமிருந்து நிதியுதவி எதுவும் வராது. அதே மொட்டை மாடியில் பொதுப் பயன்பாட்டுக்கான சூரியசக்தித் தகடுகளை அமைத்தால், ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் மத்திய அரசின் மானியம் கிடைக்கும். வீட்டு உரிமையாளர் சங்கங்கள் தங்கள் கட்டடத்தை மேம்படுத்த அரசின் உதவியை நாடும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது.

தனி வீடுகளின் நகரமாக அறியப்பட்ட மைசூருவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி வருகின்றன. கட்டடங்களுக்கு வயது ஏற ஏற லிஃப்ட், நீரேற்று மோட்டார், கழிவுநீர்க் குழாய், மொட்டை மாடி, வெளிச்சுவர் ஆகியவற்றுக்கான செலவும் ஏறுகிறது. இச்செலவில் அரசின் பங்கு என்ன, மாநகராட்சியின் பங்கு என்ன, உரிமையாளர்களின் பங்கு என்ன என்பதைக் கீழே காணலாம்.

மாநகராட்சி என்ன செய்கிறது?

மைசூரு மாநகராட்சி, 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சாலை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர், குப்பை அகற்றல் போன்ற பொதுப் பணிகளுக்கே அதன் நிதி செலவிடப்படுகிறது. தனியார் குடியிருப்பு வளாகத்தின் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் படிக்கட்டும் லிஃப்டும் நீர்த்தொட்டியும் உரிமையாளர்களின் கூட்டுச் சொத்து. அவற்றைப் பழுதுபார்க்கத் தனிக் கடனோ மானியமோ வழங்கும் திட்டத்தை மாநகராட்சி நடத்தவில்லை.

மாநகராட்சி வழியாக உரிமையாளர்களுக்குக் கிடைக்கும் சலுகை வரித் தள்ளுபடி மட்டுமே. நிதியாண்டின் தொடக்கத்தில், உரிய காலத்துக்குள் சொத்து வரியை முழுமையாகச் செலுத்துவோருக்கு 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. இச்சலுகை ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் தனித்தனியே கிடைப்பது. சங்கத்தின் கணக்குக்கு வருவதன்று.

நகர நிதியைக் கொண்டு குடியிருப்புகளை மேம்படுத்தும் எண்ணம் மைசூருவுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசல் மிகுந்த பகுதிகளைச் சீரமைத்துப் புதிய குடியிருப்புகளை உருவாக்க 1903-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. அப்போது மனைகளும் தெருக்களும் பொது நிதியில் உருவாயின. ஒரே கட்டடத்தைப் பலர் சேர்ந்து உடைமையாகக் கொள்ளும் முறை அன்று இல்லை. அந்த முறைக்கு ஏற்ற பொது நிதி ஏற்பாடு இன்றுவரை உருவாகவில்லை.

சூரியசக்தி மானியம்: திறந்திருக்கும் ஒரே பெரிய வாசல்

'பிஎம் சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா' எனப்படும் பிரதமரின் சூரியசக்தி வீட்டுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரி 29 அன்று ஒப்புதல் அளித்தது. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட இத்திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 2026-27 நிதியாண்டு வரை இது செயல்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது.

தனி வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாக வழங்கப்படுகின்றன. அதாவது ஒரு வீட்டுக்கு அதிகபட்சமாக 78,000 ரூபாய்.

குழு வீட்டுவசதிச் சங்கங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் தனி விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. மின்வாகன மின்னேற்றம் உள்ளிட்ட பொது வசதிகளுக்காக அமைக்கப்படும் சூரியசக்தி நிலையத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில், அதிகபட்சம் 500 கிலோவாட் வரை இம்மானியம் பொருந்தும்.

கணக்கு எப்படி? 30 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சவரம்பு 90 கிலோவாட். அங்கு ஏற்கெனவே 10 பேர் தத்தம் வீட்டுக்காகத் தலா 3 கிலோவாட் அமைத்திருந்தால், அந்த 30 கிலோவாட் இவ்வரம்பிலிருந்து கழிக்கப்படும். சங்கத்துக்கு 60 கிலோவாட் எஞ்சும். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகச் சங்கம் 20 கிலோவாட் மட்டும் அமைத்தால் கிடைக்கும் மானியம் 3,60,000 ரூபாய்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 20 கிலோவாட் நிலையம் மாதம் 2,400 யூனிட் வரை உற்பத்தி செய்யக்கூடும். மழைக்காலத்தில் இது குறையும். பொது மீட்டரின் கட்டண ரசீதில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வசூலிக்கப்படுகிறது என்பதைக் கொண்டு சங்கங்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கர்நாடகத்தில் இந்தச் சேமிப்புக்குக் கூடுதல் பொருள் உண்டு. மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் வழங்கும் மாநில அரசின் 'கிருஹ ஜோதி' திட்டம் வீடுதோறும் கணக்கிடப்படுகிறது. அதனால் பல வீடுகளில் சொந்த மின்கட்டணம் குறைந்துள்ள நிலையில், எல்லோரும் பகிர்ந்து செலுத்தும் பொது மீட்டரின் கட்டணமே உரிமையாளர்களின் கண்ணை உறுத்துகிறது. சங்கங்களுக்கான மானியம் அந்தச் சுமையைக் குறைக்க உதவும்.

விண்ணப்பிப்பது எப்படி?

மைசூரு, மண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு ஆகிய மாவட்டங்களுக்கு மின்சாரம் வழங்குவது மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் (செஸ்க்). திட்டத்தின் தேசிய இணையத்தளத்தில் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, பொது மின் இணைப்பின் நுகர்வோர் எண்ணைக் கொண்டு சங்கம் பதிவு செய்ய வேண்டும்.

மின் வழங்கல் கழகம் தொழில்நுட்பச் சாத்தியத்தை உறுதி செய்த பின், பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம் தகடுகள் பொருத்தப்படும். உள்நாட்டில் தயாரிக்கப்பட்ட தகடுகளுக்கு மட்டுமே மானியம் உண்டு. அதன்பின் நெட் மீட்டர் பொருத்தப்பட்டு, ஆய்வு நடத்தப்பட்டு, இயக்கச் சான்று வழங்கப்படும். அதன் பிறகே மானியம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

இதில் இரண்டு செய்திகளைச் சங்கங்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, மானியம் பணி முடிந்த பின் வருவது. ஆகவே முழுச் செலவுக்கும் சங்கம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, பொது மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதைச் சரிபார்க்க வேண்டும். கட்டுமான நிறுவனத்தின் பெயரிலேயே இணைப்பு தொடர்ந்தால், அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிய பிறகு விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளும் சங்கங்களுக்குத் துணைநிற்கின்றன. 10 கிலோவாட் வரையிலான மேற்கூரை நிலையங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என அவ்விதிகள் கூறுகின்றன. வளாகம் முழுமைக்கும் ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதைக் குடியிருப்போரின் வெளிப்படையான வாக்கெடுப்பு மூலம் முடிவு செய்யவும் அவை வழிவகுக்கின்றன.

பதிவு பெற்ற சங்கம் ஏன் அவசியம்?

அரசின் உதவி எந்த வடிவில் வந்தாலும், அதைப் பெறுவதற்குச் சட்டப்படி நிலைபெற்ற ஓர் அமைப்பு வேண்டும். அதன் பெயரில் நிரந்தரக் கணக்கு எண்ணும் வங்கிக் கணக்கும் மின் இணைப்பும் இருக்க வேண்டும். மாதந்தோறும் மெயின்டனன்ஸ் கட்டணம் வசூலித்துக் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க, நாலைந்து பேர் கூடிய ஒரு குழு போதும். மானியத்துக்கு விண்ணப்பிக்கவும், கட்டுநர் மீது வழக்குத் தொடரவும், பணம் தராத உறுப்பினரிடம் வசூலிக்கவும் அது போதாது.

கர்நாடகத்தில் இதற்கான முதன்மைச் சட்டம் 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம். இதன்படி, உரிமை அறிவிப்புப் பத்திரம் தயாரிக்கப்பட்டு, துணைவிதிகளுடன் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுப் பகுதியில் எத்தனை சதவீதப் பங்கு என்பது அந்தப் பத்திரத்தில் குறிக்கப்படும். பொதுச் செலவும் அந்த விகிதத்திலேயே பகிரப்படும். 1960-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற சங்கங்கள் பல இயங்கி வந்தாலும், அப்பதிவு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகாது என்பது கர்நாடக உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இச்சட்டத்தின் வலுவான கூறு, நிலுவை பற்றியது. பொதுச் செலவுக்கான தன் பங்கை ஒருவர் செலுத்தாவிட்டால், அத்தொகை அவரது வீட்டின் மீதான சட்டப் பொறுப்பாக ஏறுகிறது. அரசு வரிகளுக்கும் முதல் அடமானக் கடனுக்கும் அடுத்த இடத்தில் இது வைக்கப்படுகிறது. வீடு கைமாறும்போது இந்த நிலுவை தீர்க்கப்பட வேண்டும்.

பழுதுபார்ப்புக்குப் பணம் எங்கிருந்து?

பொதுப் பகுதிகளைப் பிரித்து விற்கவோ தனியே அடமானம் வைக்கவோ முடியாது. ஆகவே, ஒரு சங்கம் வங்கிக்குச் சென்று, மொட்டை மாடியைப் பிணையாக வைத்துக் கடன் கேட்க இயலாது. தனி நபருக்கு எளிதில் கிடைக்கும் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் சங்கத்துக்குக் கிடைக்காததன் காரணம் இதுவே.

எஞ்சும் வழிகள் மூன்று. வீடு ஒப்படைக்கும்போது கட்டுநர் வசூலித்த கார்பஸ் நிதியைப் பயன்படுத்துவது ஒன்று. மாதக் கட்டணத்துடன் சிறு தொகையைச் சேர்த்து வசூலித்துத் தேய்மான நிதியாகச் சேமிப்பது மற்றொன்று. பெரிய பழுது வந்த பின் ஒரே தவணையில் சிறப்பு வசூல் செய்வது மூன்றாவது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் வசிக்கும் வளாகங்களில் மூன்றாவது வழி கடும் பூசலை விளைவிக்கிறது. பணி தள்ளிப்போகிறது, செலவு பெருகுகிறது.

சிறப்பு வசூலில் வரிச் சிக்கலும் உண்டு. ஓர் உறுப்பினரின் மாதப் பங்களிப்பு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வசூலும் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி பொருந்தும். ஆகவே, பெரிய தொகையை எத்தனை மாதங்களில் வசூலிப்பது என்பதைக் கணக்காளரின் ஆலோசனையுடன் முடிவு செய்வது நல்லது.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவதன் விளைவை மைசூரு நகரம் தன் பொதுக் கட்டடங்களிலேயே கண்டிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு நூற்றாண்டு கடந்த தேவராஜ சந்தையின் ஒரு பகுதி சரிந்தது. ஹரியாணா மாநிலம் குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் தளங்கள் அடுத்தடுத்துச் சரிந்ததில் இருவர் உயிரிழந்தனர். அது பழைய கட்டடமும் அன்று.

கட்டுநரின் பொறுப்பு எதுவரை?

செலவைப் பகிர்வதற்கு முன், அச்செலவு உரிமையாளர்களுடையதுதானா என்று பார்ப்பது முக்கியம். 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரேரா) 14-ஆவது பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்தால், கட்டுநர் கூடுதல் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கோரலாம். பெரும்பாலான வீடுகளுக்கு முன்பதிவு முடிந்த மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய வழிசெய்வதும் கட்டுநரின் கடமை.

மும்பையும் தமிழ்நாடும்

தனியார் கட்டடங்களின் பழுதுக்கு நகர அளவில் பொது நிதியைத் திரட்டிய முன்னோடி மும்பை. பழைய வாடகைக் கட்டடங்கள் இடிந்து விழுந்ததைத் தொடர்ந்து 1969-ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தீவு நகரப் பகுதியின் பழைய கட்டடங்களிலிருந்து பழுதுபார்ப்புத் தீர்வை, சொத்து வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. தொடக்கத்தில் 19,642 கட்டடங்கள் இதன் கீழ் வந்தன. இன்று மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையத்தின் (மாடா) பழுதுபார்ப்பு வாரியம் இப்பணியை மேற்கொள்கிறது. வாடகை மிகக் குறைவு என்பதால் உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்ட கட்டடங்களுக்கான ஏற்பாடு இது. உரிமையாளர் சங்கங்களுக்காக உருவானதன்று. ஆயினும், 'வரியுடன் வசூலித்துப் பழுதுக்குச் செலவிடுவது' இந்திய நகரம் ஒன்றில் அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில், 1994-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்து மறுகட்டுமானம் செய்ய இது வழிசெய்கிறது. இச்சட்டம் முடிவெடுக்கும் முறையை எளிதாக்குகிறது. பணத்துக்கு வழி சொல்வதில்லை.

வெளிநாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியம் (எச்டிபி) கட்டிய வீடுகளுக்காக 2007-இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டம் செயல்படுகிறது. கான்கிரீட் பெயர்தல், கழிவுநீர்க் குழாய் மாற்றம் போன்ற அவசியப் பணிகளுக்கான செலவைக் குடிமக்களுக்காக அரசே ஏற்கிறது. கழிப்பறைப் புதுப்பிப்பு போன்ற விருப்பப் பணிகளில், வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 சதவீதம் வரை குடியிருப்போர் செலுத்துகின்றனர். அந்தக் கட்டடத்தின் தகுதியுள்ள குடும்பங்களில் குறைந்தது 75 சதவீதத்தினர் வாக்களித்து ஆதரித்தால் மட்டுமே பணி தொடங்கும். அக்கட்டடங்கள் அரசு அமைப்பு கட்டியவை என்பதால் இந்தியத் தனியார் குடியிருப்புகளுடன் நேரடியாக ஒப்பிட இயலாது.

மைசூருவின் சூழலுக்கு அதிகம் பொருந்தக்கூடியது அமெரிக்காவின் மினசோட்டா மாநில முறை. அங்கு மாநிலச் சட்டத்தின் கீழ், ஒரு குடியிருப்பு வளாகத்தை 'வீட்டு மேம்பாட்டுப் பகுதி' என்று நகர மன்றம் அறிவிக்கலாம். உரிமையாளர்கள் மனு அளிக்க வேண்டும். பொது விசாரணை நடைபெறும். எதிர்ப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திட்டம் கைவிடப்படும். ஒப்புதல் கிடைத்தால் கூரை, சுவர், குழாய் போன்ற பொதுப் பகுதிப் பணிகளுக்கு நகரமே நிதி திரட்டித் தருகிறது. அத்தொகை ஒவ்வொரு வீட்டின் சொத்து வரியுடன் சேர்த்துப் பல ஆண்டுகளில் திரும்ப வசூலிக்கப்படுகிறது. செயின்ட் லூயிஸ் பார்க், ஹாப்கின்ஸ் போன்ற நகரங்கள் இம்முறையைப் பயன்படுத்தியுள்ளன. இது மானியம் அன்று, கடன். எதிர்காலப் பராமரிப்புக்கான நிதித் திட்டத்தையும் சங்கம் காட்டியாக வேண்டும்.

மைசூருவில் இது சாத்தியமா?

சில அடிப்படைகள் ஏற்கெனவே உள்ளன. அடுக்குமாடியின் ஒவ்வொரு வீடும் தனிச் சொத்தாகவே வரி விதிக்கப்படுகிறது. எனவே வீடுவாரியாக வசூலிக்கும் ஏற்பாடு மாநகராட்சியிடம் இருக்கிறது. செலவைப் பகிரும் சதவீதம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்திரத்திலேயே உள்ளது. நிலுவையை வீட்டின் மீது ஏற்றும் விதியும் உள்ளது. பொதுச் சந்தையில் நிதி திரட்டுவதும் கர்நாடக நகரங்களுக்குப் புதிதன்று: இந்தியாவில் மாநகராட்சிக் கடன் பத்திரத்தை முதலில் வெளியிட்டது பெங்களூரு மாநகராட்சி, 1997-இல்.

தனியார் வளாகத்தின் உட்பகுதிக்குச் செலவிட்டு வரியுடன் வசூலிக்கும் அதிகாரம்தான் இல்லை. அதை வழங்க மாநிலச் சட்டமன்றம் மாநகராட்சிகள் சட்டத்தைத் திருத்த வேண்டும். தனி வீட்டில் வசிப்போரின் வரிப்பணம் அடுக்குமாடிகளுக்குச் செல்லலாமா என்ற கேள்வியும் எழும். மானியமாக அன்றி, வட்டியுடன் திரும்பும் கடனாக அமைந்தால் அந்தக் கேள்வியின் கூர்மை குறையும்.

சங்கங்கள் இப்போது செய்யக்கூடியவை

* 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமை அறிவிப்புப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று சரிபார்த்தல்.

* சங்கத்தின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு, பொது மின் இணைப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதல்.

* வீடு ஒப்படைக்கப்பட்டு 5 ஆண்டுகள் முடிவதற்கு முன், தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, குறைகளை எழுத்துமூலம் கட்டுநருக்குத் தெரிவித்தல்.

* கார்பஸ் நிதியைக் கட்டுநரிடமிருந்து கணக்குடன் பெற்றுக்கொள்ளுதல்.

* சூரியத் தகடுகளைப் பொருத்துவதற்கு முன் மொட்டை மாடியின் நீர்க்கசிவைச் சரிசெய்தல். தகடுகள் சுமார் 25 ஆண்டுகள் இருக்கும் என்பதால், பின்னர் அவற்றைக் கழற்றி வேலை செய்வது இரட்டைச் செலவாகும்.

* பொது மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை மாதக் கட்டணக் குறைப்புக்குப் பயன்படுத்தாமல், பொதுக்குழுத் தீர்மானத்துடன் பழுதுபார்ப்பு நிதியில் சேர்த்தல்.

கசியும் கூரைக்கு நேரடி உதவி இல்லாத நிலையில், கூரை மீது கிடைக்கும் மானியத்தைக் கொண்டு கூரைக்கான நிதியை உருவாக்குவது மைசூரு சங்கங்களுக்கு இன்று நடைமுறையில் உள்ள வழி. அதற்கும் பதிவு பெற்ற சங்கம் முதல் தேவை. மானியத் திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டுடன் நிறைவடையவுள்ளதால், பதிவும் பெயர் மாற்றமும் நிலுவையில் உள்ள சங்கங்கள் அப்பணிகளை முன்கூட்டியே தொடங்குவது பயன் தரும்.